யாருக்கு முதல் ஊசி?

1879-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அரசு ஊழியர்களும் சிறைக்கைதிகளும் மாணவர்களும் கட்டாயம் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்றது அந்த ஆணை. பெரியம்மை ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. இந்த மூன்று தரப்பினரும் மற்றவர்களைவிட நோயில் அதிகம் செத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது வேறொன்று. ஒருவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, இன்னொருவர் பெயர் சிறைப் பதிவேட்டில் இருந்தது, மூன்றாமவர் பெயர் பள்ளி வருகைப் பதிவில் இருந்தது. அரசின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர்கள் முதலில் காக்கப்பட்டார்கள். சிறையிலும் பள்ளியிலும் நெரிசல் உண்டு, நெரிசலில் நோய் வேகமாகப் பரவும், ஆகவே அந்த வரிசையில் மருத்துவ நியாயமும் இருந்தது. ஆனால் மலையில் காடு வெட்டிக்கொண்டிருந்த கூலிக்கும், ஆற்றோரக் குடியில் பிள்ளை பெறக் காத்திருந்த பெண்ணுக்கும் அந்த ஆணையில் இடமில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, பருவகால ஃப்ளூ தடுப்பூசியை யாருக்கு முதலில் போடுவது என்று இன்று கேட்கிறோம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தில் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் பழைய வரிசை எப்படி உருவானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உடலில் இருக்கும் ஆபத்தோடு மருத்துவமனை இருக்கும் தொலைவையும் சேர்த்துக் கணக்கிடாத எந்த வரிசையும் இங்கே அநியாயமாகத்தான் முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த எல்லையோரம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த நிலமல்ல. பாலக்காட்டு நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் மலபார் மாவட்டத்தில் சேர்ந்து, 1800 முதல் சென்னை மாகாணத்தின் கீழ் இருந்தன. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சித்தூர் கொச்சி ராஜ்யத்துக்குச் சொந்தம். தெற்கே தேவிகுளம், பீர்மேடு மலைகள் திருவிதாங்கூருக்கு. கணவாய் வழியே கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுச் சந்தைக்கு வண்டி ஓட்டியவர் ஒரே நாளில் இரண்டு ஆட்சிகளின் மண்ணை மிதித்துவிடலாம். கம்பம், போடி, தேவாரம் ஊர்களிலிருந்து மலையேறியவர் பிரிட்டிஷ் மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு சமஸ்தானத்துக்குள் நுழைந்தார். அம்மை குத்துபவர்களும் மூன்று தனித்தனித் துறைகளின் ஆட்கள். ஒருவருடைய எல்லை முடிந்த இடத்தில் அவருடைய பொறுப்பும் முடிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மூன்று கோடுகள் ஒரு கோடானது. ஆனால் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே மொழி பேசி, ஒரே குடும்பத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, இந்தப் பக்கம் வேலைக்கு வந்து அந்தப் பக்கம் பொங்கலுக்குப் போகும் வாழ்க்கை அப்படியே தொடர்ந்தது.

இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பு 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குப் போடப்பட்டது. விரைவிலேயே அது தெற்கே வந்து சேர்ந்தது. ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சியில், கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், 1813-இல் திருவிதாங்கூரில் அம்மை குத்துவதற்கென்றே ஒரு துறை தொடங்கப்பட்டது. மக்கள் பயந்தார்கள். அம்மை என்பது அம்மன் இறங்குவது, அவளை மறிப்பது பாவம் என்ற நம்பிக்கை ஆழமாக இருந்தது. அந்த அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினர் தாங்களே முதலில் குத்திக்கொண்டார்கள். முதல் ஊசி அரண்மனைக்குப் போனதைச் சலுகை என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. புதிய மருந்தின் மீது நம்பிக்கை இல்லாத ஊரில், அதை ஏற்பதால் வரக்கூடிய ஆபத்தைத் தாமே முதலில் சுமப்பவருக்குத்தான் மற்றவர்களை அழைக்கும் உரிமை உண்டு. வரிசையில் முதலில் நிற்பவர் மற்றவர்களுக்கு நம்பிக்கை தரும் ஆளாகவும் இருக்கலாம் என்ற இந்தக் காரணம் இன்றைக்கும் செல்லும். ஆனால் 1879-இல் நம்பிக்கையின் இடத்தைக் கட்டாயம் பிடித்துக்கொண்டது. கட்டாயம் யாரிடம் பலிக்குமோ அவர்களிடமே அது போனது.

அந்தக் காலத்து அம்மை குத்தல் எப்படி நடந்தது என்பதை நெருங்கிப் பார்த்தால், வரிசையில் மறைந்திருந்த இன்னொரு அநீதியும் தெரியும். குத்துபவர் கையில் ஒரு சின்னக் கத்தி இருக்கும். எட்டு நாட்களுக்கு முன் குத்தப்பட்ட குழந்தையின் கையில் முத்துப்போல ஒரு கொப்புளம் எழும்பியிருக்கும். அதைக் கீறி, கசியும் பாலை எடுத்து, அடுத்த குழந்தையின் கையில் கீறல் போட்டுத் தடவுவார்கள். கையிலிருந்து கைக்கு இப்படிப் போனால்தான் மருந்து உயிரோடு இருக்கும். வெயில் காலத்தில் பால் கெட்டுவிடும், ஆகவே குத்துவதற்கும் ஒரு பருவம் இருந்தது. அடுத்த ஊரில் குத்த வேண்டுமானால் கொப்புளத்தோடு இருக்கும் ஒரு குழந்தையை அங்கே நடத்தியோ தூக்கியோ கொண்டுபோக வேண்டும். எந்த வீட்டார் தங்கள் பிள்ளையை அப்படி அனுப்பச் சம்மதிப்பார்கள்? மறுக்க வலுவில்லாத வீட்டார்தான். பிற சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்ததைத் தம் பிள்ளைக்கு வைக்க மாட்டோம் என்று மறுத்தவர்களும் உண்டு. கன்றுக்குட்டியின் உடலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை வந்த பிறகே இந்தத் துன்பம் தீர்ந்தது. சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட் அந்தப் பாலைத் தயாரித்து மாகாணம் முழுவதற்கும் அனுப்பியது. மருந்து தயாரானது. ஆனால் அதைக் கெடாமல் மலைக்குக் கொண்டுசேர்க்கும் சிக்கல் தீரவில்லை.

மலையில் அப்போது புதிய ஊர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. காடு வெட்டவும் நாற்று நடவும் கொழுந்து பறிக்கவும் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி வந்தார்கள். ஓர் அறையும் ஒரு திண்ணையுமாக வரிசையாய்க் கட்டிய லயங்களில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஒரு வீட்டில் இருமல் தொடங்கினால் சுவருக்கு அப்பால் இருப்பவருக்கும் வந்துவிடும். கம்பெனிகள் எஸ்டேட் டிஸ்பென்சரிகளும் ஆஸ்பத்திரிகளும் கட்டியது உண்மை. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கியதும் பெரிய முன்னேற்றம். ஆனாலும் அந்த ஏற்பாட்டின் அளவுகோல் வேலை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை இருக்கும்வரை டிஸ்பென்சரி. கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த பிறகு அந்த உடலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கவில்லை. கடல் எல்லையிலும் இதே தர்க்கம்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை மண்டபம் முகாமில் பல நாட்கள் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, பிறகே கப்பலேற்றினார்கள். போய்ச்சேரும் நாட்டையும் அங்கிருக்கும் தோட்டத்தையும் காப்பதற்காகப் போட்ட ஊசி அது. தொழிலாளியும் அதனால் காக்கப்பட்டார், ஆனால் அந்த ஏற்பாடு அவரை நினைத்துத் தொடங்கியதல்ல.

1918-இல் வந்த இன்ஃப்ளுயன்சா இந்த வரிசைகள் எல்லாவற்றையும் பொருளற்றதாக்கியது. பம்பாயில் ஜூன் மாதம் தொடங்கி, செப்டம்பருக்குப் பின் இரண்டாம் அலையாகத் திரும்பி வந்த அந்தக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் உயிர்களைக் கொண்டுபோனது. சில ஆய்வாளர்களின் மதிப்பீடு ஒன்றே முக்கால் கோடியையும் தாண்டுகிறது. பம்பாய் மாகாணத்தைவிடச் சென்னை மாகாணத்தில் இழப்பு குறைவு என்றாலும், அந்த ஆண்டு மழையும் பொய்த்துப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் அந்தக் காய்ச்சலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். வீட்டில் படுத்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, ஈரத்துணி போட்டு, கடைசியில் தானும் படுத்த பெண்ணுக்குப் பார்க்க ஆளில்லை என்பதும், ஏற்கெனவே அரைவயிறு உண்டவள் அவள் என்பதும் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள். அப்போது இந்த நோய்க்குத் தடுப்பு மருந்தே கிடையாது. நோய்க்குக் காரணம் வைரஸ் என்பதே 1933-இல்தான் மனிதரிடமிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது உறுதியானது. ஆனால் யார் அதிகம் சாகிறார்கள் என்ற கேள்வியை 1918 அழுத்தமாக எழுப்பியது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் முதல் வரிசையில் நிற்கிறார் என்ற உண்மை அந்த ஆண்டின் இறப்புக் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தது.

தடுப்பூசி கிடைத்தபோது உலகம் மறுபடியும் பழைய வழியில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா உருவாக்கிய ஃப்ளூ தடுப்பூசி முதலில் போர்வீரர்களுக்குப் போடப்பட்டது. பொதுமக்களுக்கு அனுமதி கிடைத்தது 1945-இல். திருவிதாங்கூரின் 1879 ஆணையில் அரசு ஊழியர் முதலில் நின்றதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. அரசு தன் கைகளை முதலில் காத்துக்கொண்டது. மாற்றத்தைக் கொண்டுவந்தது 1957-இன் ஆசியக் காய்ச்சல். சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் பயணிகள் வழியாக அது மே மாதம் இந்தியாவுக்குள் நுழைந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவான நோயாளிகள் மட்டும் சுமார் 44 லட்சம் பேர். பாலக்காட்டிலிருந்து அதிக தூரமில்லாத குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் இயங்கிய இன்ஃப்ளுயன்சா மையம் அந்த வைரஸை ஆராய்ந்தது. நாடு முழுவதும் அந்தக் காய்ச்சல் நடந்த பாதையைப் பதிவுசெய்ததும் அங்கிருந்த விஞ்ஞானிகளே. அந்தப் பேரலையில் யார் இறந்தார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகு, 1960-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை முதியவர்கள், நாள்பட்ட நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. பதவியையும் பயனையும் வைத்துப் போட்ட பட்டியலின் இடத்தில், சாவின் கணக்கை வைத்துப் போட்ட பட்டியல் வந்தது. பொதுச் சுகாதார வரலாற்றில் இது சிறிய திருப்பமல்ல.

வரிசையை மாற்றினால் நோயையே ஒழிக்கலாம் என்பதைப் பெரியம்மை காட்டியது. எல்லோருக்கும் குத்திவிட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் முயன்றும் அந்த நோய் இந்தியாவை விட்டுப் போகவில்லை. நோய் கண்ட வீட்டைத் தேடிப்பிடித்து, அந்த வீட்டாருக்கும் அவர்களோடு பழகியவர்களுக்கும் முதலில் குத்தும் முறை வந்த பிறகே அது அடங்கியது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் ஆயிரக்கணக்கான அம்மை நோயாளிகளைக் கவனித்து எழுதிய பதிவுகள் அந்தப் புரிதலுக்குத் துணைநின்றன. கர்ப்பிணிகளுக்குப் பெரியம்மை கண்டால் அது எவ்வளவு கொடியதாக மாறுகிறது என்பதை உலகுக்கு விவரமாகச் சொன்னவரும் அவரே. 1975 மே மாதத்தோடு பெரியம்மை இந்திய மண்ணில் முடிந்தது. ஃப்ளூவை அப்படி ஒழிக்க முடியாது. அதன் உருவம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டும். ஆனால் கையில் இருக்கும் மருந்தை எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பது, எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைவிடப் பல நேரங்களில் முக்கியம் என்ற பாடம் இரண்டு நோய்களுக்கும் பொது.

இப்போது இன்றைய பட்டியலுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் கர்ப்பிணிகளை முதலிடத்தில் வைத்தது. 2009-இல் எச்1என்1 வகை ஃப்ளூ பரவியபோது அவர்களுக்கு நோய் முற்றியது உலகெங்கும் பதிவானது அதற்கு ஒரு காரணம். 2022-இல் திருத்திய நிலைப்பாட்டில் சுகாதாரப் பணியாளர்கள், நாள்பட்ட நோயுள்ளவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகிய நால்வரையும் முதன்மையானவர்களாகக் குறிப்பிடுகிறது. இந்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதே வழியில் செல்கிறது. ஆனால் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி சேர்க்கப்படவில்லை. தனியார் மருத்துவமனையில் அதன் விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஒரு தேயிலைத் தொழிலாளிக்கு அது இரண்டு நாள் கூலிக்குக் குறையாத தொகை. ஆகவே நடைமுறையில் இன்று முதல் ஊசி வசதி உள்ளவருக்கும் நகரத்தில் இருப்பவருக்கும் போகிறது. 1879-இல் பதிவேட்டில் பெயர் இருந்தவர் முன்னே நின்றார், இப்போது பையில் பணம் இருப்பவர் முன்னே நிற்கிறார்.

அந்த நால்வரையும் இந்த எல்லையோரத்தில் அடையாளம் காண்போம். கர்ப்பிணிகள் என்றதும் முதலில் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியை நினைக்க வேண்டும். இருளர், முடுகர், குறும்பர் வாழும் அந்த மலையில் 2013-இல் நிகழ்ந்த சிசு மரணங்கள் நாட்டையே உலுக்கின. தாயின் ரத்தசோகையும் எடை குறைந்து பிறக்கும் குழந்தையும் அங்கே நெடுநாள் துயரம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் அவளுடைய எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போகும். வங்கதேசத்தில் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. நேபாளத்தில் நடந்த பெரிய ஆய்வில் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 42 கிராம் கூடியது. சராசரியில் இது சிறிய எண்தான். ஆனால் இரண்டரைக் கிலோவைத் தொட முடியாமல் பிள்ளைகள் பிறக்கும் ஊருக்கு அந்த 42 கிராமின் மதிப்பு தெரியும். அதே அட்டப்பாடியில் அரிவாள் அணு ரத்தசோகை உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த நோய் உள்ளவருக்குச் சாதாரணக் காய்ச்சலே உடம்பெங்கும் தாங்க முடியாத வலியையும் நெஞ்சுக் கோளாறையும் கிளப்பிவிடும். நாள்பட்ட நோயாளிகள் என்றதும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மட்டும் நினைவுக்கு வரும் பட்டியலில், இவர்கள் பெயர் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

முதியவர்களைப் பொறுத்தவரை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 12.6 சதவீதம். நாட்டிலேயே அதிகம். அவர்களில் மூணாறு, பீர்மேடு, நெல்லியாம்பதித் தோட்டங்களில் ஓய்வு பெற்றவர்களின் நிலை தனி. நாற்பது ஆண்டுகள் பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்து, மருந்துத் தெளிப்பையும் அடுப்புப் புகையையும் சுவாசித்த நெஞ்சு அவர்களுடையது. வேலை முடிந்ததும் லயத்து வீட்டின் மீதான உரிமையும் போகும். சிலர் மகன் அல்லது மகள் பெயரில் இருக்கும் அதே அறையில் ஒண்டியிருக்கிறார்கள். சிலர் தாத்தா காலத்தில் விட்டு வந்த சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கத்து ஊர்களுக்குத் திரும்பிப் போகிறார்கள். இந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அவர்கள் எஸ்டேட் ஆட்கள், அந்தப் பக்கத்தில் மூணாற்றுக்காரர்கள். இரண்டு பதிவேடுகளிலும் பெயர் விட்டுப்போகக் கூடியவர்கள் என்பதாலேயே இவர்களைத் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தொலைவு ஏன் மருத்துவக் காரணம் ஆகிறது என்பதை இங்கே விளக்க வேண்டும். ஃப்ளூ முற்றினால் நிமோனியா வரும். ஒசெல்டாமிவிர் போன்ற மருந்தை நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன் உண்டு. நகரத்தில் இருப்பவருக்கு அந்த இரண்டு நாளுக்குள் டாக்டரும் ஆக்சிஜனும் கிடைக்கும். இடுக்கி மாவட்டத்தில் முதுவர்கள் வாழும் இடமலைக்குடியில் நிலைமை அப்படியல்ல. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த அந்தக் குடிகளில் இருந்து, நோயாளியைக் கம்பில் கட்டிய தூளியில் வைத்துக் காட்டுவழியே சுமந்து வந்த நிகழ்ச்சிகள் எத்தனையோ. பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை ஊராட்சிக்குள் இருக்கும் பறம்பிக்குளத்துக்குப் போகும் வண்டிச்சாலை, தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்தே அங்கெல்லாம் கொண்டுபோக வேண்டும். சென்றுசேர்வது கடினம் என்பதாலேயே இந்த இடங்கள் எப்போதும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. உண்மையில் அதே காரணத்துக்காக அவை முன்னே வர வேண்டும். நோய் வந்தபின் காப்பாற்ற வழி குறைவாக இருக்கும் இடத்தில், வருமுன் காப்பதன் மதிப்பு மிகவும் அதிகம். கோவிட் காலத்தில் வெளியாட்களை விடாமல் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட இடமலைக்குடி மக்கள் 2021 ஜூலை வரை ஒரு நோயாளி கூட இல்லாமல் காத்தார்கள். தங்களைக் காத்துக்கொள்ள அவ்வளவு கட்டுப்பாடு காட்டியவர்களுக்கு நேரத்தோடு ஊசியைக் கொண்டுசேர்ப்பது அரசின் கடன்.

சுகாதாரப் பணியாளர்களை முதலில் நிறுத்துவது, அரசு தன் ஆட்களையே காத்துக்கொண்ட பழைய வழக்கம்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. விடை, அவர்கள் யாரோடு இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 1879-இன் குமாஸ்தா கச்சேரியில் உட்கார்ந்திருந்தார். இன்றைய நர்ஸும் ஆஷா பணியாளரும் ஒரே காலையில் கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டு, முதியவரின் ரத்த அழுத்தம் பார்த்து, கைக்குழந்தையை எடை போடுகிறார்கள். அவர்கள் இருமினால் அது போகும் இடம் ஊரிலேயே மிகப் பலவீனமான உடல்களுக்கு. மலையிலுள்ள ஒரு துணை நிலையத்தில் இருப்பது ஒரே நர்ஸ் என்றால், அவர் படுத்த வாரம் அந்த நிலையமும் படுத்துவிடும். அரச குடும்பம் 1813-இல் செய்ததை ஊருக்குள் இன்று செய்யக்கூடியவர்களும் அவர்களே. தான் போட்டுக்கொண்ட ஊசியைத்தான் உனக்கும் போடுகிறேன் என்று நர்ஸ் சொல்லும்போது கேட்பவருக்குத் தயக்கம் குறையும். 2010-இல் எச்1என்1 ஊசி முதலில் வந்தபோது சுகாதாரப் பணியாளர்களிலேயே பலர் போட்டுக்கொள்ளத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் பேசித் தீர்க்காமல் ஊரின் தயக்கத்தைத் தீர்க்க முடியாது.

இந்த நால்வரோடு, எந்த வழிகாட்டுதலிலும் இல்லாத ஒரு கூட்டத்தை இந்த எல்லை நம் கண்முன் நிறுத்துகிறது. விடியற்காலை கம்பம், கூடலூர், போடி, தேவாரம் ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். மழைக்குத் தார்ப்பாயை இறக்கிக் கட்டிய ஜீப்புக்குள் தூக்குவாளியை மடியில் வைத்து, தோளோடு தோள் இடிக்க, ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படும்படி நெருங்கி உட்கார்ந்து மலை ஏறி, மாலையில் அதேபோல் இறங்குகிறார்கள். ஒருவருக்கு ஃப்ளூ இருந்தால் ஒரு வாரத்தில் அந்த ஜீப் முழுவதற்கும் வந்துவிடும். தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. சிறு ஏலத்தோட்டத்தில் தினக்கூலியாக நிற்கும் இந்தப் பெண்களுக்கு எஸ்டேட் டிஸ்பென்சரி கிடையாது. பகல் முழுக்கக் கேரளத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு நர்ஸ் வீடு தேடி வரும்போது ஆள் இருக்காது. இவர்களில் நாற்பது வயதைக் கடந்து சர்க்கரையோ மூச்சிரைப்போ உள்ளவர்களும், கர்ப்பமாக இருந்தும் வேலைக்குப் போகிறவர்களும் ஏற்கெனவே பட்டியலில் இருக்க வேண்டியவர்கள். ஊசி அவர்களை வந்தடைய வேண்டுமானால் ஜீப் நிற்கும் இடத்துக்கு, ஜீப் கிளம்பும் நேரத்தில் வர வேண்டும்.

எப்போது போடுவது என்பதும் இங்கே யாருக்கு என்பதோடு பின்னிக்கிடக்கிறது. இந்தியாவில் ஃப்ளூ பெரும்பாலும் மழையோடு வருகிறது. ஆலப்புழையில் அதன் உச்சம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றும், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது கேரளத்துக்கு ஆனி ஆடி, தமிழ்நாட்டுக்கு ஐப்பசி கார்த்திகை. மலைமேல் வேலையும் மலையடிவாரத்தில் வீடுமாக வாழ்பவருக்கு இரண்டு பருவங்களும் சொந்தம். ஊசியின் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைவதால், எல்லையில் வேலை செய்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் போட்டுவிடுவது நல்லது. முதல் மழைக்கு முன் போட்டால் முழு வலுவோடும், இரண்டாம் மழைக்கு ஓரளவு வலுவோடும் அது துணைநிற்கும். இரண்டு மாநிலங்களும் தத்தம் நாட்காட்டியை மட்டும் பார்த்தால் இந்த மக்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுவார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று, ஃப்ளூ ஊசி முழுப் பாதுகாப்பு தருவதில்லை என்பது. உண்மைதான். வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளிலேயே நோய் வந்திருக்கக் கூடிய பத்துப் பேரில் நான்கு முதல் ஆறு பேரிடம்தான் அது நோயைத் தடுக்கிறது. முதியவர்களிடம் பலன் இன்னும் குறையலாம். ஆனால் இந்தக் குறையே வரிசையின் தேவையைக் கூட்டுகிறது. எல்லோருக்கும் போட்டு நோயை விரட்டிவிடலாம் என்ற நம்பிக்கை இல்லாதபோது, நோய் வந்தால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியவருக்கும் உயிர் போகக்கூடியவருக்கும் கொடுப்பதுதான் அறிவு. நூறு திடகாத்திரமான இளைஞர்களைக் காய்ச்சலிலிருந்து காத்தால் மிஞ்சுவது நூறு பேரின் சில நாள் கூலி. நூறு கர்ப்பிணிகளையும் மூச்சிரைப்புள்ள முதியவர்களையும் காத்தால் மிஞ்சுவது உயிர்.

இன்னொரு வாதம், குழந்தைகளுக்குப் போட்டால் முதியவர்கள் தாமாகவே காக்கப்படுவார்கள் என்பது. ஜப்பான் 1962 முதல் 1987 வரை பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் போட்டது. அந்தக் காலத்தில் குளிர்கால இறப்புகள் குறைந்தன, திட்டத்தைக் கைவிட்ட பின் கூடின என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தச் சான்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் பலன் கிடைக்க ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் போட வேண்டும். அதற்கான மருந்தும் பணமும் ஒழுங்கும் நமக்கு வரும்வரை, பாதிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுப் பாட்டி தப்பிப்பாள் என்று நம்புவது பாட்டியை வைத்து விளையாடும் சூதாட்டம். நால்வருக்கும் உறுதியாகப் போட்ட பின், அடுத்த படியில் பிள்ளைகள் வரட்டும்.

காசநோயும் எலிக்காய்ச்சலும் சர்க்கரையும் இருக்கும்போது ஃப்ளூவுக்கு ஏன் செலவு என்றும் கேட்கலாம். தனியாகத் திட்டம் தொடங்கினால் அந்தக் கேள்வி சரியே. ஆனால் ஆட்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. கர்ப்பிணிகளின் பெயர் இரு மாநிலங்களின் நர்ஸ்களிடமும் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பெயர் கேரள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021-இல் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பதிவேட்டிலும் இருக்கிறது. மருந்து கொடுக்கப் போகும் அதே கையால் ஆண்டுக்கு ஒரு முறை ஊசியும் போடலாம். யார் செலவு என்ற கேள்விக்கும் முன்மாதிரி உண்டு. 2020 மே மாதம் கோவிட் ஊரடங்கின்போது வாளையார் சோதனைச்சாவடியில் பாஸ் இல்லாமல் மக்கள் வெயிலில் தவித்து நின்றது இந்த எல்லையின் கசப்பான நினைவு. ஆனால் அடுத்த ஆண்டு கோவிட் ஊசி வந்தபோது, எந்த மாநிலத்தவரும் எந்த மாநிலத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. அட்டையில் எழுதிய முகவரி எதுவானாலும் ஆள் நிற்கும் இடத்தில் ஊசி கிடைத்தது. ஃப்ளூவுக்கு அந்த விதியை மீண்டும் கொண்டுவருவதில் தடை ஏதுமில்லை.

ஆகவே இந்த எல்லையோரத்துக்கான வரிசை இப்படி அமைய வேண்டும். முதலில், மருத்துவமனையிலிருந்து தொலைவில் இருக்கும் குடிகளிலும் தோட்டங்களிலும் உள்ள கர்ப்பிணிகள், அரிவாள் அணு நோய் உள்ளவர்கள், முதியவர்கள், நெஞ்சு நோயாளிகள், அவர்களோடு சேர்த்து அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்களும் ஆஷா பணியாளர்களும். அடுத்து, எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களில் நாள்பட்ட நோய் உள்ளவர்கள், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள். பிறகு நகரங்களிலும் சமவெளியிலும் இருக்கும் அதே பிரிவினர். அதன்பின் சிறு பிள்ளைகள். சமவெளியில் இருக்கும் கர்ப்பிணி மலையில் இருப்பவளுக்குப் பின்னால் நிற்பதா என்று கேட்டால், சில வாரங்கள் பின்னால் நிற்கலாம் என்பதே பதில். அவளுக்கு ஆம்புலன்ஸ் வரும் சாலை இருக்கிறது. மருந்து போதுமான அளவு வந்தால் அந்தச் சில வாரமும் தேவைப்படாது. திருவிதாங்கூரும் கொச்சியும் மலபாரும் தம் கைக்கு எட்டியவர்களை முதலில் காத்தன. எட்டாதவர்களைத் தேடிப்போக அன்று சாலையும் குளிர்பெட்டியும் பதிவேடும் போதவில்லை என்றாவது சொல்லலாம். இன்று குளிர்பெட்டியும் பதிவேடும் இருக்கின்றன, சாலையும் பெரும்பாலான இடங்களுக்கு இருக்கிறது. வரும் சித்திரை வைகாசியில், மழைக்கு முன், இரு மாநில அதிகாரிகளும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுதான் இனிச் செய்ய வேண்டிய வேலை.